இரண்டு கடலுக்கும் ஒரே வரைபடமா? ராமநாதபுரக் கரையில் விற்கும் ‘ஈகோ சைட் பிளான்’ சேவை: ஒரு மதிப்பீடு

உச்சிப்புளி, மண்டபம், தங்கச்சிமடம், கீழக்கரை, ஏர்வாடி என்று ராமநாதபுரம் மாவட்டக் கடலோரத்தில் எங்கே மனை வாங்கினாலும், கட்டிட வரைபடத்தோடு சேர்த்து ‘ஈகோ சைட் பிளான்’ என்று ஒரு பேக்கேஜையும் இப்போது விற்கிறார்கள். மனையின் ஏற்ற இறக்கத்தை அளந்து, மண்ணையும் நீரையும் சோதித்து, வீடு, கிணறு, செப்டிக் டேங்க், மரம் எல்லாம் எங்கெங்கே வரவேண்டும் என்று வரைந்து தருவதுதான் சேவை. தேவையான சேவைதான், அதில் சந்தேகமில்லை. இந்தக் கரையில் வீடு கெடுவது பெரும்பாலும் சுவரால் அல்ல, வைத்த இடத்தால்.

இங்கே நாங்கள் மதிப்பிடுவது ராமநாதபுரத்து வரைபட அலுவலகம் ஒன்றின் பேக்கேஜை. கிட்டத்தட்ட இதே சரக்கைப் பல அலுவலகங்கள் விற்பதால் பெயர் வேண்டாம். ஒரே அலுவலகம் இரண்டு மனைகளுக்குக் கொடுத்த அறிக்கைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். ஒன்று மண்டபத்துக்கு மேற்கே தென்கடல் பக்கம், அதாவது மன்னார் வளைகுடாவைப் பார்த்த மனை. மற்றது தங்கச்சிமடத்தில் வடகடல் பக்கம், பாக் விரிகுடாவைப் பார்த்தது. இரண்டுமே 12 சென்ட். கிழமேல் 15 மீட்டர், தென்வடல் 32 மீட்டர். கட்டணம் 38,000 ரூபாய், பாதி முன்பணம். கைக்கு வருவது லெவல் சர்வே, ஓரிடத்தில் மண் பரிசோதனை, தண்ணீர் பரிசோதனை, சி.ஆர்.இசட். (கடலோர ஒழுங்குமுறை மண்டலம்) கடிதம், ஐந்து வரைபடங்கள்.

இரண்டு மனைகளுக்கும் வந்த சைட் பிளான் ஒன்றேதான். ரோடு இருக்கும் பக்கம் கேட்டை மாற்றிப் போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். பேக்கேஜின் மற்ற குறைகளையெல்லாம் பேசித் திருத்தி வாங்கிவிடலாம். இது அப்படியல்ல. வடகடலுக்கும் தென்கடலுக்கும் காற்று வேறு, காற்று வரும் மாதம் வேறு, மண்ணுக்கடியில் நன்னீர் நகரும் திசையும் வேறு.

நன்னீரிலிருந்து தொடங்குவோம். பாம்பன் தீவிலும் மண்டபம் மணல் பகுதியிலும் குடிக்கிற நீர் என்பது உப்புநீரின் மேல் மிதக்கும் மெல்லிய நன்னீர் அடுக்கு. கடல் மட்டத்துக்கு மேலே 1 மீட்டர் உயரத்துக்கு நன்னீர் நின்றால் கீழே சுமார் 40 மீட்டர் வரை அது உப்பைத் தள்ளிப் பிடித்திருக்கும் என்பது நிலத்தடி நீர்க்காரர்களின் பழைய கணக்கு. மேலே 10 செ.மீ. குறைந்தால் கீழே 4 மீட்டர் போயிற்று என்று அதையே திருப்பிப் படிக்கலாம். ஆழ்துளை போட்டு மோட்டாரில் இழுத்தால், குழாய்க்கு நேர் கீழே உப்புநீர் கூம்பாக மேலே ஏறிவிடும். அதனால்தான் இந்தப் பக்கத்தில் ஆழம் குறைந்த, அகலமான உறைகிணறு நிலைக்கிறது, போர் உவர்க்கிறது. பேக்கேஜ் இதைச் சரியாகச் சொல்லியிருக்கிறது. போர் வேண்டாம், 1.2 மீட்டர் விட்டத்தில் உறைகிணறு போதும், அரை குதிரைத்திறன் மோட்டாரைக் காலையில் கொஞ்சம் மாலையில் கொஞ்சம் ஓட்டுங்கள் என்கிறது. அறிக்கையில் ஆகச் சிறந்த பக்கம் அதுதான்.

ஆனால் அந்த நன்னீர் சும்மா நிற்பதில்லை, கடலை நோக்கி நகர்கிறது. தென்கடல் மனையில் வடக்கிலிருந்து தெற்கே. வடகடல் மனையில் தெற்கிலிருந்து வடக்கே. வரைபடமோ இரண்டு மனையிலும் கிணற்றை ஈசானிய (வடகிழக்கு) மூலையிலும், செப்டிக் டேங்கையும் உறிஞ்சு குழியையும் வாயு (வடமேற்கு) மூலையிலும் வைத்திருக்கிறது. வாஸ்துப்படி சரி. அளந்து பார்த்தால், மனையின் அகலமே 15 மீட்டர். இரு பக்கமும் ஒன்றரை மீட்டர் விட்டால் கிணற்றுக்கும் உறிஞ்சு குழிக்கும் நடுவே 12 மீட்டர்தான் வருகிறது. குடிநீர்க் கிணற்றிலிருந்து உறிஞ்சு குழி குறைந்தது 18 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்பது செப்டிக் டேங்குக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 2470 சொல்வது. இங்கே இருப்பது பருமணல். களிமண்ணைவிட வேகமாக நீரைக் கடத்தும், வடிகட்டுவது குறைவு.

வாஸ்துவை விட்டுவிடுங்கள் என்று சொல்லி இந்த ஊரில் யாரும் வரைபடம் விற்க முடியாது, தேவையும் இல்லை. தென்கடல் மனையில் ஈசானியக் கிணறு அப்படியே இருக்கட்டும், அது நீர் வரும் பக்கம்தான். செப்டிக்கைத் தெற்கு எல்லையின் நடுப்பகுதிக்கு இறக்கினால் போதும். கன்னி (தென்மேற்கு) மூலையில் குழி தோண்டக் கொத்தனாரே சம்மதிக்க மாட்டார், அதனால் நடுவில். இடைவெளி 25 மீட்டருக்கு மேல் கிடைக்கும், கழிவு கடல் பக்கமாகவே போகும். வடகடல் மனையில் இதற்கு நேர்மாறு: வாயு மூலைச் செப்டிக் சரியான இடத்தில்தான் இருக்கிறது, நகர வேண்டியது கிணறு. கிழக்கு எல்லையை ஒட்டியே தெற்கே 14 மீட்டர் இறக்கி, கிழக்கு நடுவில் வைத்தால் குறுக்காக அளக்கும்போது 18 மீட்டருக்குச் சற்று மேலே வருகிறது. அரை மணி நேர வேலை. இரண்டு வரைபடத்திலும் அடுத்த மனைக்காரரின் கிணறு குறிக்கப்படவே இல்லை என்பது இன்னொரு கோளாறு. நம் கிணற்றிலிருந்து 18 மீட்டர் தள்ளி வைத்த குழி, வேலிக்கு அந்தப் பக்கத்துக் கிணற்றுக்கு 4 மீட்டரில் இருந்தால் அதற்குப் பெயர் பசுமைத் திட்டம் இல்லை.

மண் பரிசோதனை மே மாதம் எடுத்திருக்கிறார்கள். நிலத்தடி நீர்மட்டம் 2.4 மீட்டர் என்று எழுதி, அதை வைத்தே 2 மீட்டர் ஆழ உறிஞ்சு குழி, 3 மீட்டர் ஆழ மழைநீர்க் குழி எல்லாவற்றையும் வரைந்துவிட்டார்கள். இந்த மாவட்டத்துக்கு ஆண்டு மழை ஏறக்குறைய 800 மி.மீ.; அதில் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவத்தில் கொட்டிவிடும். மே மாதம் 2.4 மீட்டரில் இருக்கும் நீர் டிசம்பரில் 1 மீட்டருக்கே வந்து நிற்கலாம். அப்போது உறிஞ்சு குழி உறிஞ்சாது, நீருக்குள் உட்கார்ந்திருக்கும். கழிவு மண்ணில் வடியாமல் நேரே நன்னீர் அடுக்கில் கலக்கும். குளியலறைத் தண்ணீர் இறங்கவில்லை என்று நவம்பரில் பிளம்பரைக் கூப்பிடுகிற வீடுகளில் பாதிக்கு நோய் இதுதான். குழாயில் அடைப்பே இருக்காது.

பக்கத்துக் கிணறுகளில் மார்கழி நீர்மட்டத்தைக் கேட்டு எழுத வேண்டும். உறையின் உள்பக்கத்தில் கறை நிற்கும் உயரமே ஓரளவு சொல்லிவிடும். நீர் 1 மீட்டருக்குள் வரும் மனையில் உறிஞ்சு குழியை விட்டுவிட்டு, தரைக்கு மேலே எழுப்பிய ஜல்லிப் படுகைதான் வழி. ஆளுக்கு 2 சதுர மீட்டர் என்று நான்கு பேருக்கு 8 சதுர மீட்டர், 60 செ.மீ. ஆழம், 10 முதல் 20 மி.மீ. ஜல்லி, அடியில் நீர் இறங்காத விரிப்பு, நூற்றுக்கு ஒன்று சரிவு, மேலே கல்வாழை அல்லது நாணல். செப்டிக் டேங்கிலிருந்து தெளிந்த நீர் இதற்கு வரும். சமையலறைத் தண்ணீரை எண்ணெய் பிடிக்கும் தொட்டி வழியாக அனுப்பாவிட்டால் ஜல்லியின் முதல் அரை மீட்டர் ஒரே வருடத்தில் அடைத்துக்கொள்ளும். மீன் கழுவுகிற வீட்டில் அதைவிடச் சீக்கிரம்.

மழைநீர் வரைபடத்துக்கு வருவோம். தமிழ்நாட்டில் 2003இலிருந்து எல்லாக் கட்டிடத்துக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். எனவே எல்லா வரைபடத்திலும் ஒரு வட்டம் இருக்கும். இங்கேயும் இருக்கிறது: 90 செ.மீ. விட்டம், 3 மீட்டர் ஆழம். கொள்ளளவு சுமார் 1,900 லிட்டர். நவம்பரில் நீர்மட்டம் 1 மீட்டருக்கு வந்துவிட்டால் அதில் காலியாக இருப்பது மேலே உள்ள ஒரு மீட்டர் மட்டும், அதாவது 640 லிட்டர் கூட இல்லை. 2024 நவம்பரில் ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் கொட்டியது நினைவிருக்கும். அந்தக் கணக்கில் 100 சதுர மீட்டர் மொட்டை மாடியில் மட்டும் 40,000 லிட்டர். முழு மனையிலும் ஏறக்குறைய 1 லட்சத்து 90 ஆயிரம் லிட்டர். ஒரு வட்டம் என்ன செய்யும்?

அப்படிப்பட்ட நாள் அடிக்கடி வராதுதான். ஆனாலும் மணல் மனையில் ஆழமான குழியைவிட அகலமான பள்ளம் நூறு மடங்கு மேல். வீட்டின் பேஸ்மட்டத்தை மட்டும் உயர்த்திவிட்டு, தோட்டப் பகுதியில் 100 சதுர மீட்டரைச் சுற்றுத் தரையைவிட 30 செ.மீ. தாழ்வாக விட்டால் 30,000 லிட்டர் நிற்கும், நின்று ஊறும். அதற்கும் மேலே வருவதற்கு ஒரு வெளிவாய் வேண்டும். தெரு வாய்க்காலுக்கோ ஊருணிக்கோ எந்த மட்டத்தில் சேர்கிறது என்று லெவலோடு காட்ட வேண்டும். பேக்கேஜோ இதற்கு நேர் எதிராக முழு மனையையும் 60 செ.மீ. கிராவல் போட்டு உயர்த்தச் சொல்கிறது. 480 சதுர மீட்டருக்கு 60 செ.மீ. என்றால் 288 கன மீட்டர், அதாவது சுமார் நூறு யூனிட் மண். செலவு ஒருபுறம். அழுத்திய கிராவல் மணலைப்போல உறிஞ்சாது. மேலே விழும் தண்ணீர் முழுவதும் பக்கத்து மனைக்கும் சந்துக்கும் போகும். அவரும் அடுத்த வருடம் 75 செ.மீ. உயர்த்துவார். சில தெருக்களில் இந்தப் போட்டி ஏற்கெனவே நடக்கிறது.

வடிகுழாய் அளவும் பார்க்க வேண்டிய ஒன்று. மணிக்கு 100 மி.மீ. மழைக்கு 100 மி.மீ. குழாய் ஒன்று ஏறக்குறைய 85 சதுர மீட்டர் மாடியைத்தான் வடிக்கும். 100 சதுர மீட்டர் மாடிக்கு வரைபடத்தில் 75 மி.மீ. குழாய்கள் இரண்டு இருக்கின்றன. இரண்டும் சேர்ந்து 80 சதுர மீட்டரைத் தாங்கும். ஒன்றில் வேப்பிலை அடைத்தால் முடிந்தது. 100 மி.மீ. குழாய் இரண்டு போடச் சொல்லுங்கள், விலை வித்தியாசம் பெரிதில்லை.

சேமிப்புத் தொட்டி அளவை மட்டும் நன்றாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு 10 லிட்டர், நான்கு பேர், மழையில்லாத 9 மாதம்: 10,800 லிட்டர். தொட்டியின் உள்ளளவு 3 × 2 × 1.9 மீட்டர், அதாவது 11,400 லிட்டர். 100 சதுர மீட்டர் மாடியில் ஒரு வருடத்தில் 60,000 லிட்டருக்கு மேல் பிடிக்க முடியும் என்பதால் நிரம்புமா என்ற கவலை இல்லை. காவிரிக் கூட்டுக் குடிநீர் வராத நாளைப் பற்றிய கவலையும் பாதி குறையும். முதல் மழையைத் தள்ளிவிடும் குழாய் இருக்கிறது, அளவு 20 லிட்டர். இது போதாது. ஆடி, ஆவணியில் அடித்த காற்றில் மாடி முழுவதும் உப்பும் மணலும் ஒட்டியிருக்கும். சதுர மீட்டருக்கு 2 லிட்டராவது கழுவிப் போக வேண்டும். 100 சதுர மீட்டருக்கு 200 லிட்டர். பருவத்தின் முதல் பெருமழையை முழுக்கத் தோட்டத்துக்கு விட்டுவிடுவது இன்னும் நல்லது.

தொட்டியின் அடித்தளத்தைத்தான் யோசிக்கவில்லை. 15 செ.மீ. கனத்தில் அடி, சுவர், மூடி எல்லாம் சேர்த்து அந்தத் தொட்டியின் எடை சுமார் 13 டன். வெளியளவு 3.3 × 2.3 × 2.2 மீட்டர். மழைக்காலத்தில் நிலத்தடி நீர் தரை வரை ஏறினால் அது தொட்டியை மேலே தள்ளும் விசை 16 டன்னைத் தாண்டுகிறது. தொட்டி காலியாக இருந்தால் மிதக்கும். ஒரேயடியாக எழும்பி நிற்காது. ஒரு மூலை 5 செ.மீ. தூக்கும், குழாய் இணைப்பு முறியும், சுவரில் சாய்வாக ஒரு வெடிப்பு விழும். கட்டி முடித்து நிரப்பாமல் போட்டு வைத்த தொட்டிகளுக்கு முதல் ஐப்பசியிலேயே இது நடக்கிறது. மருந்து எளிது. அடித்தளத்தைச் சுற்றிலும் 30 செ.மீ. வெளியே நீட்டிவிட்டால் அதன்மேல் உட்காரும் மணல், நீரில் மூழ்கிய எடையிலேயே, 7 டன்னுக்கு மேல் பிடித்துக்கொள்ளும். செப்டிக் டேங்குக்கும் இதே நீட்டல் வேண்டும். அதை உறிஞ்ச லாரியைக் கூப்பிடுவதாக இருந்தால் பங்குனி, சித்திரையில் கூப்பிடுங்கள், மழைக்காலத்தில் வேண்டாம்.

தண்ணீர் பரிசோதனை ஏமாற்றம். டி.டி.எஸ். (நீரில் கரைந்த மொத்த உப்பு) மீட்டரை முக்கி எடுத்த ஒரே எண், 1,450. “கட்டுமானத்துக்கு ஏற்றது” என்று கீழே ஒரு வரி. கான்கிரீட்டுக்கு முக்கியம் மொத்த உப்பு அல்ல, குளோரைடு. கம்பி போட்ட கான்கிரீட்டுக்குக் கலக்கும் நீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு கூடாது என்கிறது கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 456. குடிநீருக்கான ஐ.எஸ். 10500, வேறு நீர் இல்லாத இடத்தில் 1,000 வரை பொறுத்துக்கொள்கிறது. அதாவது நாம் குடித்துவிடக்கூடிய தண்ணீர் கம்பிக்கு ஆகாமல் போகலாம். “நாங்களே இந்தத் தண்ணியத்தான் குடிக்கிறோம், செவுத்துக்கு என்ன?” என்று கேட்பவர்களுக்குப் பதில் அதுதான். குளோரைடு, சல்பேட், பி.ஹெச். மூன்றையும் ஆய்வகத்தில் பார்த்த தாளைக் கேளுங்கள். அதே அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் எம்20 தரக் கான்கிரீட், 25 மி.மீ. கவர் (கம்பியை மூடும் கான்கிரீட்டின் கனம்) என்று இருப்பதையும் அடித்துவிடுங்கள். கடற்காற்று நேரே படும் இடம் ஐ.எஸ். 456இல் ‘கடுமை’ வகை, எம்30, 45 மி.மீ. கவர். உள்ளூர்க் கடையில் கிடைக்கும் 20, 25 மி.மீ. கவர் பிளாக்கை நம்பாமல் 45 மி.மீ. அளவில் தளத்திலேயே வார்த்துக்கொள்ளலாம்.

இனிக் காற்றும் வெயிலும். தென்மேற்குக் காற்றுக் காலத்தில், கச்சான் அடிக்கும்போது, தென்கடல் மனையில் மணலும் உப்புச் சாரலும் தெற்கு, மேற்குச் சுவரில் அறையும். வடகடலில் அந்த மாதங்கள் அமைதி. அங்கே ஐப்பசி முதல் தை வரை வாடை, மழையையும் சேர்த்துக் கொண்டுவரும். வரைபடமோ இரண்டு வீட்டுக்கும் வடகிழக்கில் திறந்த வராந்தாவும் தென்மேற்கில் பெரிய ஜன்னலோடு படுக்கையறையும் கொடுத்திருக்கிறது. தென்கடல் வீட்டில் அந்த ஜன்னல் நான்கு மாதம் சாத்தியே கிடக்கும். கீல் துரு ஏறி ஐந்தாம் மாதம் திறக்க வராது. அந்தப் பக்கம் மாடிப்படி, குளியலறை, சாமான் அறை வரட்டும். கன்னி மூலை கனமாக இருக்க வேண்டும் என்பவர்களுக்கும் இது ஒத்துப்போகும். வடகடல் வீட்டில் வராந்தாவைக் கிழக்கு, தென்கிழக்குக்குத் திருப்பினால் மழைக்காலத்தில் நனையாது.

வெயிலில் ஒரு பிசகு இரண்டுக்கும் பொது. தெற்கில் 60 செ.மீ. சன்ஷேடு, வடக்கில் ஒன்றுமில்லை. டெல்லிக்கு அது சரி. இந்தக் கரை இருப்பது வடக்கு அட்சம் 9.3 டிகிரியில். சித்திரை பிறக்கிற சமயத்தில் சூரியன் உச்சியைக் கடந்து வடக்கே போய்விடும், ஆகஸ்ட் கடைசியில்தான் திரும்பும். வருடத்தில் வெப்பம் மிகுந்த மாதங்களில் வெயில் படுவது வடக்குச் சுவரில். நண்பகலுக்கு 30 செ.மீ. நீட்டல் போதும், 1.2 மீட்டர் ஜன்னல் முழுவதும் மறைந்துவிடும். காலையிலும் மாலையிலும் பக்கவாட்டில் வருவதை மறைக்க ஜன்னலின் இரு ஓரத்திலும் 30 செ.மீ. நிற்கும் பலகைச் சுவர் வேண்டும். தெற்கில் டிசம்பர் நண்பகலில் 60 செ.மீ. சன்ஷேடு 90 செ.மீ. வரைதான் மறைக்கும், 1.2 மீட்டர் ஜன்னலுக்கு 80 செ.மீ. ஆக்குங்கள். மார்கழி வெயில் கொஞ்சம் உள்ளே வந்தால்தான் என்ன என்பவர்கள் விட்டுவிடலாம்.

சி.ஆர்.இசட். கடிதத்தைப் பற்றி எச்சரிக்கை. “கடலிலிருந்து 310 மீட்டர், பாதிப்பில்லை” என்று ஒரு வரியும், செயற்கைக்கோள் படத்தில் இழுத்த ஒரு மஞ்சள் கோடும். தூரம் அளப்பது படத்தில் தெரியும் தண்ணீர் விளிம்பிலிருந்து அல்ல, அங்கீகரிக்கப்பட்ட உயர் ஓதக் கோட்டிலிருந்து (கடல் நீர் ஏற்றத்தின் உச்ச எல்லை). 2011 சி.ஆர்.இசட். அறிவிக்கையில் ஊரகக் கடற்கரைக்குக் கட்டத் தடையான பகுதி அந்தக் கோட்டிலிருந்து 200 மீட்டர். 200 முதல் 500 வரை உள்ளூர்க்காரர் குடியிருப்புக்கு 9 மீட்டர் உயரம், தரை மற்றும் முதல் தளம் என்ற வரம்பு. 310 மீட்டர் என்றால் பாதிப்பு இருக்கிறது. 2019 அறிவிக்கை சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் வாழும் ஊரகப் பகுதியில் தடையை 50 மீட்டராகக் குறைக்கிறது, மற்ற இடத்தில் 200 அப்படியே. ஆனால் மாநிலக் கடலோர மேலாண்மை வரைபடம் அதன்படி ஒப்புதல் பெற்ற பிறகே அது செல்லும், அதுவரை 2011தான். ஓதம் ஏறும் ஓடை பக்கத்தில் இருந்தால் அதற்குத் தனித் தூரம். மணல்மேடு, சதுப்புநிலக் காடு, ஆமை முட்டையிடும் கரை எல்லாம் தூரக் கணக்கு இல்லாமலே, கட்டுப்பாடு மிகக் கடுமையான முதல் வகைக்குள் வரும். 2024இல் வந்த சுயசான்று முறையில் 2,500 சதுர அடி மனை வரை உடனடியாகக் கட்டிட அனுமதி கிடைக்கிறது என்பதால் பலர் இதையும் அதோடு முடிந்ததாக நினைக்கிறார்கள். அது கட்டிட அனுமதி மட்டுமே. புல எண்ணைக் கொடுத்து அங்கீகரித்த வரைபடத்தில் மனை எங்கே விழுகிறது என்று காட்டச் சொல்லுங்கள். அலுவலகம் மறுத்தால் இந்தக் கடிதத்துக்கான தொகையைக் கழித்துக்கொள்ளுங்கள்.

அட்டையில் ‘கிரிஹா தரத்துக்கு ஏற்றது’ என்றும் அச்சிட்டிருக்கிறார்கள். கிரிஹா என்ற பசுமைக் கட்டிட மதிப்பீடு 2,500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கட்டிடங்களுக்கானது. சிறு வீட்டுக்கு உள்ளது ஸ்வகிரிஹா. விற்பவருக்கே இந்த வித்தியாசம் தெரியவில்லை என்றால் முத்திரைக்காகக் காசு கொடுக்க வேண்டாம்.

மரம் நடும் வரைபடம் எங்கிருந்தோ எடுத்து ஒட்டியது. கொரியன் புல் 100 சதுர மீட்டர். சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 5 லிட்டர் என்றாலும் 500 லிட்டர்; ஒரு குடும்பத்துத் தண்ணீரைப் புல் குடிக்கும், அதுவும் உவர்நீரில் மஞ்சளாகி நிற்கும். தென்கடல் ஓரத்து மணல்மேட்டை ஜே.சி.பி. விட்டுச் சமப்படுத்தவும் சொல்கிறது. அந்த மேட்டைப் பிடித்து வைத்திருப்பது அடம்பங்கொடியும் இராவணன் மீசைப் புல்லும். அவற்றை எடுத்த வருடமே கச்சான் மணலை வாசற்படிக்குக் கொண்டுவந்து சேர்க்கும். மேட்டை விடுங்கள். அதற்குப் பின்னால் புன்னையும் பூவரசும், உள்ளே வேம்பு, புங்கம். இந்தப் பக்கத்தில் இயல்பாக வளரும் குடை வடிவ உடை மரம் ஒன்றும் பட்டியலில் இல்லை, கேட்டால் “முள்ளு சார்” என்பார்கள். உப்பையும் வறட்சியையும் அதைப்போலத் தாங்குவது அரிது. மரவரிசை காற்றைத் தடுப்பது ஏறக்குறைய அதன் உயரத்தைப் போலப் பத்து மடங்கு தூரம் வரை என்பதால், 5 மீட்டர் பூவரசு வரிசையை வீட்டிலிருந்து 10, 15 மீட்டர் தள்ளியே நடலாம். சுவரை ஒட்டி நட வேண்டியதில்லை.

தென்கடல் மனையில் நிற்கும் நான்கு பனைகள் மேல் ‘அகற்றவும்’ என்று குறுக்குக் கோடு. பனையை வெட்ட மாவட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021 வேளாண் நிதிநிலை அறிக்கையிலேயே அறிவித்தாயிற்று. அதன் சல்லிவேர் அஸ்திவாரத்தைப் பிளக்காது. மட்டை விழும் தூரமாக 3 மீட்டர் விட்டால் போதும். வீட்டை 2 மீட்டர் கிழக்கே தள்ளினால் நான்கில் மூன்று தப்பும். சீமைக்கருவேலத்தை எடுக்கச் சொன்னது சரி. மேலே வெட்டினால் மறுபடி துளிர்க்கும் என்பதையும், வேரோடு எடுத்த இடத்தில் மழைக்கு முன்பே வேறு செடி வைக்காவிட்டால் மணல் பறக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம்.

காம்பவுண்டுக்கு இரண்டு மீட்டர் கெட்டிச் சுவர் காட்டியிருக்கிறார்கள். மணல் பறக்கும் பக்கத்தில் கெட்டிச் சுவர் காற்றைத் தடுக்காது, மேலே தூக்கி அந்தப் பக்கம் சுழற்றிவிடும். அடியில் மணலை அரிக்கும், மறுபக்கம் குவிக்கும். மழையில் அதுவே அணையாக நிற்கும். பாதி அடைத்து பாதி விட்ட வேலிதான் காற்றின் வேகத்தைக் குறைக்கிறது. அதைத்தான் பனைமட்டை வேலி இத்தனை காலமாகச் செய்துவருகிறது. சுவர்தான் வேண்டும் என்றால் கடல் பக்கம் துளைக்கல் வரிசையும், தரைமட்டத்தில் 2 மீட்டருக்கு ஒரு நீர்ப்போக்கியும் வைக்கலாம்.

மதிப்பெண் கேட்பவர்களுக்கு: தென்கடல் மனை அறிக்கைக்கு 5க்கு இரண்டரை, வடகடலுக்கு 2. லெவல் சர்வே சுத்தமான வேலை. 3 மீட்டர் கட்டத்தில் எடுத்திருக்கிறார்கள். ரோட்டைப் பூஜ்ஜியமாக வைத்ததுதான் இடிக்கிறது, ஏனென்றால் ஒவ்வொரு முறை தார் போடும்போதும் ரோடு உயரும். கடல் மட்டத்தோடு இணைத்த ஒரு நிலையான குறியும், 2024 நவம்பரில் பக்கத்துச் சுவர்களில் நின்ற நீரின் தடமும் அதே தாளில் வந்திருக்க வேண்டும். லெவல், மண், தண்ணீர் மூன்றையும் மட்டும் தனியாக வாங்க முடியுமா என்று கேளுங்கள், பேரம் பேசினால் கொடுக்கிறார்கள். மரம் நடும் தாளையும் முத்திரையையும் விட்டுவிடலாம்.

மீதிப் பாதித் தொகையை வரைபடம் கைக்கு வந்தவுடன் கொடுக்காதீர்கள். கிணறு, செப்டிக், தொட்டி, வீட்டு மூலைகள் எல்லாவற்றுக்கும் மனையில் முளையடித்துக் காட்டிய பிறகு, டேப்பைப் பிடித்து 18 மீட்டரை அளந்து பார்த்துவிட்டுக் கொடுங்கள். பி.டி.எஃப். மட்டும் வாங்கினால் பின்னால் ஒரு சுவரை நகர்த்தக்கூட அவர்களிடமே போக வேண்டும். கணினியில் திருத்தக்கூடிய கேட் (CAD) கோப்பையும் கட்டணத்துக்குள்ளேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.